தொய்வைத் தொடாத கை

சோபியாவின் கை சும்மா இருந்ததே இல்லை. ஆரணியில் அப்பா சவரிராஜின் தறியில் பட்டுப்பாவு கொஞ்சம் தொய்ந்தாலும், பள்ளிக்குக் கிளம்பியவள் திரும்பி வந்து இழுத்துக் கட்டிவிட்டுத்தான் போவாள்.

சென்னை ஆய்வுக்கூடத்தில் அந்தக் கைதான் அவளைக் கவிழ்த்தது. சிலிக்கானை மெலிதாக்கிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் சிப்பில் மின்சாரம் கசிகிறது. மூன்றே அணு கனமுள்ள மாலிப்டினம் டைசல்பைடு படலம் அந்த இடத்துக்கு வருமா என்பது அவள் ஆய்வு. படலத்தைத் தண்ணீரில் மிதக்கவிட்டு, சிப் செய்யும் வட்டமான சிலிக்கான் வில்லையால் அடியிலிருந்து ஏந்த வேண்டும். ஏந்தும்போது சுருக்கம் விழும். அதைக் கண்டதும் அவள் இடுக்கியால் ஓரத்தைப் பிடித்து இழுப்பாள். கிழிந்துவிடும்.

இப்போது ஒரே ஒரு படலம்தான் மிச்சம். வெள்ளிக்கிழமை கூடும் மதிப்பீட்டுக் குழுவுக்கு, அதில் செய்த ஒரு டிரான்சிஸ்டரையாவது ஓட்டிக் காட்டாவிட்டால் ஆய்வு நின்றுவிடும்.

ஞாயிறு பூசைக்கு ஊருக்கு வந்தவளுக்கு உட்காரவே முடியவில்லை.

"குந்துடி செத்த நேரம்! ஏன் கோழி மாதிரி சுத்திகினு கீற?" என்றாள் அம்மா அமலோற்பவம்.

"கை நிக்க மாட்டேங்குதும்மா."

அப்பா தறியிலிருந்தே கேட்டார்: "சிலிக்கானத் தூக்கிட்டு உன்னுதத்தான் போன்ல வெக்கப் போறாங்களா?"

"தெரியலப்பா. சின்னதா செஞ்சா நல்லா ஓடுது. வில்லை பூரா ஒரே சீரா வளர மாட்டேங்குது. சிலிக்கான் மேலயே இத ஒரு அடுக்கா வேணா வெக்கலாம்."

"அப்ப தூக்கல. தோள் மேல ஏறி குந்துது."

"அதுவும் நான் கிழிக்காம இருந்தாத்தான்."

"அந்த இடுக்கியக் கண்ணுல படாம வெச்சுட்டுப் போயேன்டி, பேஜாரு!" என்றாள் அம்மா.

திங்கட்கிழமை படலத்தை ஏந்தி வில்லையைச் சாய்த்து வைத்தாள். நடுவில் மூன்று சுருக்கம். இடுக்கியைப் பக்கத்து அறை அலமாரியில் பூட்டிவிட்டு வந்து, இரண்டு கைகளையும் தொடைக்கடியில் அழுத்தி உட்கார்ந்தாள். எழுந்து கதவுவரை போனாள், திரும்பினாள், மறுபடி கைகளின் மேல் உட்கார்ந்தாள். தண்ணீர் வடிய வடிய இரண்டு சுருக்கம் தானாகப் படிந்தது. ஒன்று ஓரத்துக்கு நகர்ந்து அங்கேயே நின்றது.

வெள்ளிக்கிழமை குழுவின் முன்னால், படலத்தின் நடுவில் அமைத்த டிரான்சிஸ்டர்கள் ஓடின.

"அந்த ஓரத்தையும் சரி பண்ணியிருக்கலாமே?" என்றார் குழுவில் ஒருவர்.

"வேணாம் சார்," என்றாள், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு.

இன்னொரு வருடம் கொடுத்தார்கள். வெளியே வந்தவள், நடையில் தொய்ந்து தொங்கிய பேனர் கயிற்றை இழுத்துக் கட்டிவிட்டுத்தான் படியிறங்கினாள்.