சாறன் சாயத்து மஸ்கட்

மருதமுனையில் கலியாண வீடென்றால் றம்ஸியா கிண்டுகிற மஸ்கட் அல்வா வேண்டும். சும்மா சொல்லக்கூடாது, அந்தச் சிவப்பு அப்படி எடுப்பாக இருக்கும். எவ்வளவு நேரம் கிண்டினாலும் வெளிறாது, எத்தனை நாள் வைத்தாலும் மங்காது. கடைத்தெருக் கலர்ப் பவுடருக்கு அது ஆகிற காரியமா? அவளுடைய புருஷன் றஸாக் இடுப்பில் உடுக்கிற சாறன் நெய்கிறவர். நூலுக்குச் சாயம் போடும் டின் அடுப்படிக்குப் பக்கத்திலேயே இருந்தது. கொதிநீரில் கழன்று போகாததுதான் நல்ல சாயம் என்பது நெசவு வீட்டுக் கணக்கு. அந்தக் கணக்கை அவள் மஸ்கட் சட்டிக்கும் போட்டுவிட்டாள். கலியாணம் முடித்த நாளிலிருந்து அந்தச் சாயத்தில் ஒரு சிட்டிகைதான் அவளுடைய கைராசி.

1982 நோன்புப் பெருநாளுக்கு முன், காரைதீவிலிருந்து வருகிற பீ.எச்.ஐ., அதாவது சுகாதாரப் பரிசோதகர், பலகாரம் செய்கிற பெண்களைக் கூப்பிட்டுக் கதைத்தார்.

“துணிச்சாயத்தத் தின்னுற சாமானில போடாதீங்க. சில சாயம் உடம்புக்குள்ள பரம்பரையக் கொண்டுபோற இழையையே அறுக்குமாம். எலிக்குக் குடுத்துப் பாத்திருக்காங்க. திண்ட ஆளுக்கு ஒண்டும் விளங்காது. பிள்ளைக்கோ பேரப்பிள்ளைக்கோ தெரியவரலாம், வராமலும் போகலாம்.”

“அப்ப இலை, காயில எடுக்கிற நிறமெண்டாப் பயமில்லத்தானே ஐயா?” என்று ஒருத்தி கேட்டாள்.

“மஞ்சள், பீட்றூட் நாம காலங்காலமாத் தின்னுறது. அதுக்காக மரஞ்செடியில வாறதெல்லாம் நல்லதெண்டு இல்ல. எதையும் சோதிச்சுத்தான் சொல்லணும்.”

இழை அறுந்தால் என்ன ஆகும் என்று நெசவுக்காரன் பெண்சாதி றம்ஸியாவுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மகள் ஸகியா தலைப்பிள்ளைக்கு மாசமாக இருந்தாள். வேறெதுவும் தொண்டையில் இறங்காமல் உம்மாவின் சிவப்பு மஸ்கட்டைத்தான் கேட்டுக் கேட்டுத் தின்றுகொண்டிருந்தாள்.

அன்றிலிருந்து றம்ஸியாவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. சாய டின்னைத் தறிக்கொட்டிலுக்குக் கொண்டுபோய் வைத்தாள். தொழுகையில் ஓதுவதை மறந்தாள். மகளிடம் சொல்லிவிடுவோம் என்று போவாள், தலை சுற்றுதா என்று கேட்டுவிட்டுத் திரும்பி வருவாள். கடைசியில் புருஷனிடம் மட்டும் சொன்னாள்.

“உனக்கென்ன விசரா? ஊரே திண்டிரிக்கி. ஆருக்கு என்ன வந்த?” என்றார் றஸாக். ஊரே தின்றிருக்கிறது என்பதுதான் அவளுக்கு இன்னும் பெரிய இடியாக விழுந்தது.

பெண்பிள்ளை பிறந்தது, கொழுகொழுவென்று. எல்லோரும் சிரித்தார்கள். இவள் மட்டும் பிள்ளையை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பார்த்து என்ன செய்ய? பீ.எச்.ஐ. சொன்னது கண்ணுக்குத் தெரிகிற சங்கதியா?

பேர் வைக்கிற அன்று நிறமே போடாமல் மஸ்கட் கிண்டினாள். தட்டைப் பார்த்து ஸகியா முகம் சுளித்தாள்.

“என்ன உம்மா, சிவப்பு எங்க?”

அதற்குமேல் மறைக்க முடியவில்லை. றம்ஸியா அழுதுகொண்டே எல்லாவற்றையும் கொட்டினாள். மகள் கத்துவாள், பிள்ளையைத் தொடாதே என்பாள் என்று பயந்து நின்றாள். ஸகியா கத்தவில்லை. மெல்லக் கேட்டாள்:

“நான் உங்கட வகுத்துக்குள்ள இரிக்கக்குள்ள நீங்களும் இதத்தானே உம்மா திண்ட?”

இத்தனை நாளும் பேத்தியை மட்டுமே நினைத்துத் துடித்த றம்ஸியா, அப்போதுதான் மகளை நிமிர்ந்து பார்த்தாள்.

“ஓம் மகள்,” என்று தலையாட்டினாள்.