ஈரத் தோலும் என் பங்குகளும்

அவசரக்காரர்களைக் கண்டாலே எனக்கு எரிச்சல். ஆம்பூரில் ஒரு தோல் தொழிற்சாலையில் தரம் பிரிப்பது என் வேலை. ஈரத் தோலுக்கு நான் தரம் போடமாட்டேன். காய்ந்தால்தான் அதன் நிறமும் குறையும் தெரியும்.

சின்னச் சுரங்கக் கம்பெனி ஒன்றின் பங்குகளை வாங்கி வைத்திருந்தேன். கம்பெனிக்குக் கடன் இல்லை. அதன் சொத்து மதிப்போடு பார்த்தால் பங்கு அடிமாட்டு விலை. புதிய சுரங்கத்துக்கு அனுமதி வரும்வரை விற்பதில்லை என்று முடிவு செய்திருந்தேன். அதை அக்கா வீட்டுக்காரரிடம் உளறியதுதான் தப்பு. அவர் எங்கள் தொழிற்சாலையிலேயே சூப்பர்வைசர்.

அன்று உலர்த்தும் கொட்டகையில் மேனேஜர் என்னை அவசரப்படுத்தினார்.

"காயட்டும் சார். ஈரத்துல பார்த்தா ஏமாந்துடுவோம்" என்றேன்.

அவர் போனதும் மாமா எல்லோர் முன்னாலும் கேட்டார்: "இன்னாடா, உன் கல்லு குட்டி போட்டுச்சா? இல்ல, பேரப்புள்ள காலத்துலதானா?"

கொட்டகையே சிரித்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தொங்கிய தோல்களுக்கு நடுவே நின்றபடியே செல்போனை எடுத்து அத்தனையையும் விற்றேன்.

"வித்துட்டேன் மாமா, போதுமா?" என்று கத்தினேன்.

அடுத்த மழைக்காலத்துக்குள் அனுமதி வந்தது. விலை எங்கேயோ போய்விட்டது. மாமா ஆறுதல் சொல்ல வந்தார்: "கொஞ்சம் பொறுமையா இருந்திருக்கலாம்டா."

அன்றோடு அவரிடம் பேச்சை நிறுத்தினேன். ஆனால் அவர் கேலிதான் செய்தார், விற்றவன் நான்.

புது ஆட்கள் வந்தால் மேனேஜர் இன்றும் என்னைக் காட்டுகிறார்: "பொறுமைன்னா இவர்கிட்ட கத்துக்கோங்க."

ஒவ்வொரு முறையும் செருப்பால் அடித்ததுபோல் இருக்கிறது.