கருப்பட்டி நிறம் வந்ததும்

எனக்கு எழுபத்தைந்து தாண்டிவிட்டது. இன்னும் கண்ணாடி போட்டதில்லை. ஊசியில் நூல் கோக்க வேண்டுமென்றால் இந்த வீட்டில் என்னைத்தான் கூப்பிடுவார்கள். படிப்பு மூன்றாம் வகுப்போடு நின்றுவிட்டது. எழுத்துக் கூட்டித்தான் எழுதுவேன், அதற்கு நேரம் பிடிக்கும். ஆனால் காய்ச்சிய இரும்பைக் காட்டி இது என்ன பதம் என்று கேட்டால், கூட்டிப் பார்க்க வேண்டியதே இல்லை.

போன மாதம் என் பேரன், கடலூரில் தான் வேலை பார்க்கும் இடத்துக்கு என்னைக் கூட்டிப்போனான். நான் பட்டறை என்பேன், அவனுக்குக் கோபம் வரும். கம்பெனி என்று சொல்ல வேண்டுமாம். குடும்பத்தாரை உள்ளே விட்டுச் சுற்றிக் காட்டுகிற நாள் அது. வண்டிகளுக்குப் போகிற ஏதோ தண்டுகள் உலைக்குள் பழுத்துக்கொண்டிருந்தன. சுவரில் ஒரு பெட்டியில் சிவப்பு எண்கள் ஓடின. எண் ஓரிடத்துக்கு வந்ததும் மணி அடிக்கும், தண்டை எடுத்து எண்ணெயில் முக்குவார்கள். நான் பெட்டியைப் பார்க்கவில்லை. உலை வாயைப் பார்த்து, "இப்ப எடு" என்றேன். மணி அடித்தது.

பக்கத்தில் நின்ற சூப்பர்வைசர் சிரித்துவிட்டார். "பாட்டி, இத யாருகிட்ட கத்துக்கிட்டீங்க?"

"எங்கப்பாகிட்ட" என்றேன்.

வெகுகாலமாக அப்படித்தான் சொல்லி வருகிறேன். அது பொய். அப்பா, அம்மா, அத்தை மூவருமே இப்போது உயிரோடு இல்லை. இனிமேல் உண்மையைச் சொன்னால் யாருக்கும் நஷ்டமில்லை.

எங்கள் பட்டறை சிதம்பரத்திலிருந்து காட்டுமன்னார்கோயில் போகிற ரோட்டோரம் இருந்தது. லாரிச் சக்கரத்துக்கு மேலே அடுக்கடுக்காக வளைந்து கிடக்குமே, அந்தப் பட்டைகள் உடைந்தால் லால்பேட்டையிலிருந்து பழைய இரும்பு வியாபாரி பாய் ஒருவர் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்து போடுவார். "ஆசாரி, இது லாரிப் பட்ட. அவசரப்பட்டா மூஞ்சியில வெடிக்கும்" என்று ஒவ்வொரு முறையும் சொல்லிவிட்டுத்தான் போவார். அப்பாவுக்குத் தெரியாதா என்ன. சாதா இரும்பு பசுமாடு மாதிரி, யார் கட்டினாலும் நிற்கும். லாரிப் பட்டை அப்படியில்லை. அதைப் பதம் பார்த்து அடித்தால் கருங்கல்லையும் தின்னும். பதம் தப்பினால் ஒன்று கண்ணாடியாக உடையும், இல்லையென்றால் ஈயமாக மழுங்கும்.

அப்பா இரும்பைக் குறட்டில் பிடிப்பார், அம்மா சம்மட்டி போடுவாள், நான் துருத்தி இழுப்பேன். எனக்கு ஒன்பது வயது. அம்மாவின் சம்மட்டி விழுகிற இடத்தில் ஓர் எள் வைத்தால் அந்த எள்ளின் மேல்தான் மறு அடியும் விழும்.

உளி அடித்து முடித்த பிறகுதான் கஷ்டமான வேலை. தோய்ச்சல் போடுவது. வாசலில் சாக்கைத் தொங்கவிட்டு உள்ளே இருட்டாக்குவார்கள், வெயிலில் நிறம் தெரியாது. பச்சைத் தண்ணீர் ஆகாதென்று, முதலில் ஒரு பழுத்த துண்டைத் தொட்டியில் போட்டு வெதுவெதுப்பாக்குவார் அப்பா. பிறகு உளியைப் பழுக்கக் காய்ச்சி, நுனியை மட்டும் தண்ணீரில் முக்கி எடுத்து, கல்லால் ஒரு தேய் தேய்ப்பார். நுனி வெள்ளியாகப் பளபளக்கும். உடம்பில் மிச்சமிருக்கும் சூடு நுனியை நோக்கி நடந்து வரும், அதோடு நிறங்களும் ஒவ்வொன்றாக நடந்து வரும். முதலில் வைக்கோல் நிறம், அடுத்தது கருப்பட்டி, அப்புறம் கத்தரிப்பூ, கடைசியில் மயில் கழுத்து நீலம். கல் உளிக்குக் கருப்பட்டி நிறம் நுனியைத் தொடுகிற அந்த நொடியில் மறுபடி தண்ணீரில் முக்க வேண்டும். மூச்சு விடுகிற நேரம் தவறினால் கத்தரிப்பூ வந்துவிடும்.

அந்த நேரத்தில் அம்மாவிடம் ஒரு பழக்கம். கையிலிருக்கும் சின்னச் சுத்தியலால், இரும்பை வைத்து அடிக்கிற பட்டடையை லேசாக ஒரு தட்டுத் தட்டுவாள். டிங் என்று கேட்கும். சிலர் உட்கார்ந்தால் காலாட்டுவார்கள் அல்லவா, அது மாதிரி என்று நினைத்திருந்தேன். அப்பா மட்டும் நொடி பிசகாமல் முக்குவார். அவர் கண்ணைப் பற்றி எனக்கு அவ்வளவு பெருமை.

மாதத்தில் மூன்று நாள் அம்மா வீட்டுக்குத் தூரம். பின்கட்டில் தனியாக இருப்பாள், தனித் தட்டு, தனிப் பாய். உலை பக்கம் நிழல்கூட விழக்கூடாது. அப்பாவின் அக்கா, என் அத்தை, எங்களோடுதான் இருந்தாள். அந்தக் காவலில் அவளை மிஞ்ச ஆளில்லை. அந்த மூன்று நாளும் சித்தப்பா வந்து சம்மட்டி போடுவார். மண்வெட்டி, ஏர்க்கொழு என்று ஏதாவது நடக்கும். தோய்ச்சலை மட்டும் அப்பா தொட மாட்டார். நாள் சரியில்லை என்பார். அப்பாவுக்குப் பஞ்சாங்கம் பார்க்கத் தெரியாது என்பது எனக்குத் தோன்றவில்லை.

அந்த வருஷம் மழை பொய்த்து, அறுப்பு இல்லை. அறுப்பு இல்லையென்றால் அரிவாள் கேட்டு யாரும் வர மாட்டார்கள். பக்கத்து ஊர்ச் சிவன் கோயிலில் மண்டபம் பிரித்துக் கட்டுகிற வேலை தொடங்கியிருந்தது. கல்தச்சர்களின் மேஸ்திரி ஒரு நாள் வந்து நின்றார். வேறொரு பட்டறையில் வாங்கிய உளி உடைந்து, அதன் சில்லு ஓர் ஆளின் கன்னத்தைக் கிழித்துவிட்டதாம். கண்ணுக்கு ஒரு விரற்கடை கீழே.

"நாலு உளி என் எதிருலயே அடிச்சிக் காட்டு ஆசாரி. கல்லுல நின்னுதுன்னா வேல முடியிற மட்டும் எல்லா உளியும் உன்கிட்டதான். நிக்கலன்னா நான் சிதம்பரம் போய்க்கிறேன்."

அப்பா சரியென்று நாளும் குறித்துக்கொண்டார். அந்த நாளுக்கு முதல் நாள் அம்மா பின்கட்டுக்குப் போய்விட்டாள். அப்பா கோயிலுக்கே நடந்துபோய், மூன்று நாள் தள்ளி வைக்கலாமா என்று கேட்டுவிட்டு வந்தார். முகத்தைப் பார்த்தாலே பதில் தெரிந்தது.

மேஸ்திரி காலையிலேயே வந்துவிட்டார். சோதித்துப் பார்க்க ஒரு கருங்கல் துண்டையும் ஆள் தலையில் வைத்துக் கொண்டுவந்திருந்தார். சித்தப்பா சம்மட்டி போட, நாலு உளியும் உருவாகிவிட்டன. சாக்கைத் தொங்கவிட்டார்கள். முதல் உளியை முக்கி, தேய்த்து, கண்ணுக்கு நேரே பிடித்தார் அப்பா. வைக்கோல் நிறம் வந்தது. கருப்பட்டி வந்தது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். அப்பா முக்கவில்லை. கத்தரிப்பூ வந்தது, அப்போதும் முக்கவில்லை. நீலம் நுனியைத் தாண்டிய பிறகு முக்கினார். மேஸ்திரி அதைக் கல்லில் வைத்து நாலு போடு போட்டார். நுனி மடிந்து உதடு பிதுங்கியது.

இரண்டாவது உளியைத் தேய்த்த கையோடு முக்கிவிட்டார். அது முதல் அடியிலேயே சில்லாகத் தெறித்தது. மேஸ்திரி பின்னால் நகர்ந்தார்.

"இன்னா ஆசாரி, ஒண்ணு வெண்ணையா கீது, ஒண்ணு கண்ணாடியா கீது?"

அப்பா நெற்றியைத் துடைத்துக்கொண்டார். பிறகு என்னைக் காட்டினார். "துருத்திய கொழந்த இழுக்குதுங்க. காத்து ஜாஸ்தி கம்மியா வருது. அதான்."

எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டது. நிறம் நடக்கும்போது உளி உலைக்கு வெளியே அல்லவா இருக்கிறது, துருத்திக்கு அங்கே என்ன வேலை? மேஸ்திரிக்கு அது தெரியாது, அப்பாவுக்குத் தெரியும். கயிற்றை விட்டுவிட்டுப் பின்கட்டுக்கு ஓடினேன்.

"எம்மா, அப்பா என் மேல பழி போட்டுட்டாரும்மா. நீலம் வந்தும் முக்கல. அடுத்ததுல வைக்கோலே வரல, முக்கிட்டாரு. நான்தான் பாத்துக்கிட்டே இருந்தேனே."

அம்மா என் கண்ணீரைத் துடைக்கவில்லை. "ஒனக்கு எல்லா நெறமும் தெரிஞ்சிதா?" என்றாள்.

"தெரியாம இன்னா, தெனம் பாக்கறனே."

"இன்னும் எத்தினி உளி கீது?"

"ரெண்டு."

எழுந்து நேராகக் கிணற்றடிக்குப் போனாள். மூன்று வாளித் தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டு, ஈரப் புடவையோடு பட்டறைப் பக்கம் நடந்தாள். அத்தை நடுவழியில் கையை நீட்டி மறித்தாள்.

"எங்க போற? உல எரியிற எடம்."

"முடிஞ்சிடுச்சி அண்ணி. தலைக்கு ஊத்திக்கிட்டேன்."

"நேத்துத்தானடி ஒதுங்கன?"

"நீங்க எண்ணனது தப்பு அண்ணி. இன்னையோட மூணு." அத்தையின் கைக்கு அடியில் குனிந்து அம்மா உள்ளே போய்விட்டாள்.

மேஸ்திரி இருந்ததால் அத்தை குரலெடுக்கவில்லை. துருத்தியைச் சித்தப்பா வாங்கிக்கொண்டார். அம்மா தன் இடத்தில் நின்று சின்னச் சுத்தியலை எடுத்தாள். புடவையிலிருந்து சொட்டிய தண்ணீர் பட்டடைக்கடியில் சூடான சாம்பலில் விழுந்து உஸ் உஸ் என்றது. மூன்றாவது உளியில் வைக்கோல் நிறம் நடந்து வந்தது, பின்னாலேயே கருப்பட்டி. டிங். அப்பா முக்கினார். நாலாவதும் அப்படியே.

மேஸ்திரி இரண்டையும் மாற்றி மாற்றிக் கல்லில் கொத்தினார். கல்தான் தூளாகப் பறந்தது, உளி சிரித்துக்கொண்டு நின்றது. கட்டை விரலால் நுனியைத் தடவிப் பார்த்துவிட்டு, "கண்ணுன்னா ஆசாரி கண்ணு" என்றார். அப்பா தலையைக் குனிந்துகொண்டார். அடக்கம் என்று நினைத்தேன்.

மேஸ்திரியின் தலை மறைந்ததும் அத்தை எல்லோர் முன்னாலும் என்னைக் கூப்பிட்டாள். "நீ பொய் சொல்லாத பொண்ணு. சொல்லு, உங்கம்மா ஒதுங்கி எத்தினி நாளு?"

நான் பொய் சொல்லாத பெண்தான். ஒரே காலையில் அப்பா ஒரு பொய், அம்மா ஒரு பொய். இந்த வீட்டில் நான் ஒருத்தியாவது நேராக நிற்க வேண்டாமா என்று இருந்தது. அம்மா என்னைப் பார்த்தாள். நான் அத்தையைப் பார்த்துக்கொண்டு, "ரெண்டாம் நாளு அத்த" என்றேன்.

"கேட்டீங்களா? பெத்த பொண்ணே சொல்லுது."

அத்தை பட்டறை முழுக்க மஞ்சள் தண்ணீர் தெளித்தாள். அம்மா கையால் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்க மாட்டேன் என்றாள், சொன்னபடியே இருந்தாள். அதற்குப் பிறகு எங்கள் பட்டறையில் ஓர் ஆணி வளைந்தாலும் அந்த நாள் பேச்சு வந்துவிடும். கல்யாணம் கருமாதி எங்கே போனாலும் அம்மாவுக்கு முன்னால் அந்தக் கதை போய் உட்கார்ந்திருக்கும். ஏன் அப்படிச் செய்தாய் என்று எத்தனையோ பேர் கேட்டார்கள். "தெரியாம செஞ்சிட்டேன்" என்பாள். அப்பா பக்கத்தில் இருப்பார். கையில் கிடைத்த எதையாவது எடுத்துத் துண்டால் துடைத்துக்கொண்டிருப்பார்.

என்மேல் அம்மா கோபப்படவில்லை. மறுநாள் கிணற்றடியில் என்னைக் கூப்பிட்டு, முந்தானையிலிருந்து அந்தச் சின்னச் சுத்தியலை எடுத்தாள்.

"பாத்ததச் சொன்ன, தப்பில்ல. இனிமே பாத்தத வாயால சொல்லாத, இதால சொல்லு. நான் இல்லாத நாளுல என் எடத்துல நில்லு. கருப்பட்டி நுனியத் தொட்டதும் ஒரு தட்டு. யாரு கேட்டாலும் சும்மா வெளையாடறேன்னு சொல்லு."

அதன் பிறகு அப்பாவுக்கு எந்த நாளும் சரியில்லாத நாளாக இருந்ததில்லை. கோயில் வேலை முடிகிற வரை உளிகள் எங்களிடம்தான் வந்தன. ஓர் ஆளின் கன்னத்திலும் கீறல் விழவில்லை.

எனக்குக் கல்யாணமாகி, மூத்தவன் நடக்கத் தொடங்கிய பிறகு, சிதம்பரத்தில் அப்பாவின் கண்ணில் புரை எடுத்தார்கள். இரண்டு கண்ணிலும் பழுத்துக் கிடந்ததாம். பழுப்புப் புகைக்குள் பார்க்கிற மாதிரி எல்லாம் ஒரே நிறமாகத்தான் தெரிந்திருக்கும் என்றார் டாக்டர். எவ்வளவு நாளாக இப்படி என்று கேட்டார். "பன்னண்டு வருசம் ஆவுதுங்க" என்றாள் அம்மா, அரிசி விலை சொல்கிற மாதிரி. நான் விரலை மடக்கி எண்ணிப் பார்த்தேன். கண் தெரியாத ஆசாரியிடம் யார் இரும்பைக் கொடுப்பார்கள்? அந்த நேரத்தில் என் முகத்தை யாரும் பார்க்காதது நல்லதாகப் போயிற்று.

ஆனால் ஒன்பது வயதில் எனக்கு அது விளையாட்டுத்தான். மாதம் மூன்று நாள் பட்டடைக்கு அந்தப் பக்கம் நிற்பேன். நான் தட்டியதும் உஸ்ஸென்று தண்ணீர் சத்தம் கேட்கும். தெருப் பெண்களோடு ஏரிக்கரையில் சாணி பொறுக்கும்போது அதையே பேசிக்கொண்டிருப்பேன்.

"நான் சொன்னாத்தான் எங்கப்பா உளிய தண்ணியில முக்குவாரு, தெரியுமா?"

"அடி ஆத்தே, பெரிய ஆசாரிச்சி வந்துட்டா. நவுருங்கடி" என்று சிரிப்பார்கள்.

நானும் சேர்ந்து சிரிப்பேன். பொய் சொல்லாத பெண்ணாயிற்றே, இந்த ஒன்றை மட்டும் கொஞ்சம் கூட்டித்தான் சொல்கிறோம் என்று உள்ளுக்குள் கூச்சமாக இருக்கும்.