பந்து தேடுகிறவனுக்கு ஷாஃப்ட் என்கிற மட்டைத் தண்டைப் பற்றி என்ன தெரியும்?

கோல்ஃப் மைதானத்தில் எட்டு வருடமாக மற்றவர்களின் பையைத் தூக்குகிறேன். இன்றைக்குத்தான் அதை நடுக்கடையில் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிடலாமா என்று இருந்தது.

நான் பை தூக்குகிற வெள்ளவத்தை சேர் ஹைபிரிட் மட்டையால் அடித்தால் பந்து இடப்பக்கப் பற்றைக்குள்தான் போகும். முள்ளுக்குள் கைவிட்டு எடுப்பது நான்.

போன மாதமே சொன்னேன். "சேர், நீங்க நல்ல வேகமா அடிக்கிறீங்க. இந்த ஷாஃப்ட் அதுக்குத் தாங்காம வளையுது. பாரமா, இறுக்கமா ஒண்டு போடுங்கோ."

"நீ பந்தைத் தேடு. அது போதும்," என்றார்.

இன்று அவருடைய பையோடு நானும் கோல்ஃப் மட்டைக் கடைக்குப் போனேன். கடைக்காரர் சேரைப் பத்துப் பந்து அடிக்க வைத்து, அடியை அளக்கிற கம்ப்யூட்டரைப் பார்த்தார்.

"இந்த ஷாஃப்ட் உங்களுக்கு அளவுக்கு மிஞ்சி வளையுது சேர். பாரமா, இறுக்கமா ஒண்டுதான் போடோணும்."

சேர் என் பக்கம் திரும்பினார். "பாத்தியா? இதுக்குத்தான் விஷயம் தெரிஞ்ச ஆக்களிட்டக் கேக்கோணும்."

பையை எடுத்துத் தோளில் போட்டேன். வாயைத் திறந்திருந்தால் எங்கள் கொட்டாஞ்சேனைத் தெருவின் கெட்ட வார்த்தை முழுவதும் வெளியே வந்திருக்கும்.

நாளைக் காலையும் காற்று எந்தப் பக்கம் என்று என்னிடம்தான் கேட்பார்.

"கடைக்கு ஃபோன் எடுத்துக் கேளுங்கோ சேர்" என்று சொல்லிவிடவா?