கொமட்டுக்கு வைத்த பொட்டு

தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்துக்கு வந்த முதல் கொமட், ஹட்டனிலிருந்து பொகவந்தலாவை போகும் பஸ்ஸில் ஜன்னலோர சீட்டில் உட்கார்ந்து வந்தது. கொழும்பில் பைப் வேலை செய்துகொண்டிருந்த மாமா, அதாவது அம்மாவின் தம்பி, ஒரு ஹோட்டலில் கழற்றிப் போட்டதைக் கேட்டு வாங்கி, தன் வெள்ளைச் சாரத்தைச் சுற்றிக் கொண்டுவந்தார். நோர்வூட்டில் ஏறிய ஒரு பெண் அதைப் பார்த்ததும் கன்னத்தில் போட்டுக்கொண்டாராம். "நான் ஒண்ணுமே சொல்லல. அவங்க நம்பிக்கைய நான் ஏன் கெடுக்கணும்?" என்று மாமா சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

அம்மாவுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. அவருக்காகத்தான் அது வந்தது. முந்தின மழைக்காலத்தில் கொழுந்துக் கூடையோடு மலையில் சறுக்கி விழுந்ததிலிருந்து அம்மாவின் வலது முழங்கால் மடங்காது. நடப்பார், குந்த முடியாது. லயத்துக்குப் பின்னால் இருந்த கக்கூஸிலோ தரையோடு பதித்த பழைய பீங்கான். அப்பா கூரைச் சட்டத்தில் ஒரு கயிறு கட்டிவிட்டிருந்தார். அதைப் பிடித்துத் தொங்கிக்கொண்டுதான் அம்மா எல்லாவற்றையும் முடிக்க வேண்டும். இரண்டு தடவை கை நழுவி விழுந்தார். இரண்டாவது தடவை கதவை உடைத்துத்தான் தூக்கினோம். அதற்குப் பிறகு அம்மா சாப்பாட்டையே குறைத்துவிட்டார்.

கக்கூஸ் எங்களுக்கு மட்டும் உரியதல்ல. அடுத்த காம்பராவில் தனியாக இருந்த பெரியம்மாவுக்கும் அதுதான். அவர் எங்களுக்குச் சொந்தமில்லை, ஆனால் லயத்தில் சுவர் ஒன்றாக இருந்தால் போதும், உறவு தானாக வந்துவிடும். வாய் கொஞ்சம் காரம். கொமட்டை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு மாமாவிடம் கேட்டார்:

"இதுல ஏறி உக்கார நான் என்ன தொரையா?"

"பழகிருங்க அக்கா."

"அறுவது வருசமா குந்திப் பழகின ஒடம்பு. ஒன் பைப்புக்காக மாறிருமா?"

அப்படிச் சொன்னவரின் கண் அம்மாவின் காலில் போய் நின்றது. "சரி சரி, ஒடைங்க" என்று உள்ளே போய்விட்டார்.

மாமா பழைய பீங்கானைச் சுற்றி உளியால் தட்டித் தட்டி எடுத்தார். அடியில் வெள்ளைக்காரன் காலத்து மண் குழாய் வாயைத் திறந்துகொண்டிருந்தது. உடனே ஒரு சாக்கைச் சுருட்டி அதில் அடைத்தார். "ஒரு கல்லு உள்ள போச்சுன்னா குழி வரைக்கும் தோண்டணும் மச்சான்" என்று அப்பாவை எச்சரித்தார். கொமட்டின் வாய் பின்பக்கம், குழாயின் வாய் தரையில். "மாப்புள ஒரு பக்கம் பாக்குறாரு, பொண்ணு ஒரு பக்கம் பாக்குது. நம்மதான் சேத்து வைக்கணும்" என்று சொல்லிக்கொண்டே ஒரு பிளாஸ்டிக் வளைவை இடையில் வைத்தார். அது மண் குழாயைவிட மெல்லிசு. சாக்கை உருவி எடுத்துவிட்டு, சுற்றியிருந்த இடைவெளியில் தாரில் நனைத்த சணலைத் திணித்து, மேலே சீமெந்து பூசினார். இரண்டு நாள் யாரும் தொடக்கூடாது. அந்த இரண்டு நாளும் அம்மா கஞ்சித் தண்ணியோடு இருந்தார்.

மூன்றாம் நாள் காலை மாமா ஒரு வாளித் தண்ணீரை ஊற்றினார். கடகடவென்று இறங்கியது. "போச்சு!" என்று கத்தினார். அவ்வளவு சந்தோஷமாக யாரும் அந்தச் சொல்லைச் சொல்லி நான் கேட்டதில்லை.

அந்தச் சந்தோஷத்தில் அப்பாவின் கை தன் வழக்கத்தைச் செய்துவிட்டது. எங்கள் பக்கம் ரேடியோ வந்தாலும் தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தி வந்தாலும் முதலில் அதற்கு ஒரு பொட்டு. அப்பா கொமட்டின் மூடியில் மூன்று பட்டை திருநீறு பூசி, சந்தனமும் குங்குமமும் வைத்து, வெற்றிலையில் கற்பூரம் ஏற்றினார். மாமா "மச்சான்..." என்று இழுப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

அம்மா நொண்டி நொண்டி வந்து கதவைத் திறந்தார். கை தானாகக் கூப்பிக்கொண்டது. அப்படியே திரும்பிவிட்டார்.

"சாமியா நிக்கிது. அதுமேல நான் எப்படிங்க உக்காருவேன்?"

"அக்கா, அது கொமட்டு!"

"நேத்து வரைக்கும் கொமட்டு."

"நான் கழுவிர்றேன்" என்றார் அப்பா.

"வெள்ளிக்கிழமையும் அதுவுமா, வச்ச பொட்ட அழிப்பீங்களா?"

அப்பாவின் கை வாளியோடு நின்றுவிட்டது. பழைய பீங்கான் சுவரோரம் துண்டு துண்டாகக் கிடந்தது. கயிற்றையும் அவிழ்த்தாயிற்று. அம்மா கதவைப் பிடித்துக்கொண்டு, சத்தமில்லாமல் அழ ஆரம்பித்தார்.

அப்போதுதான் பெரியம்மா வந்தார். நடந்ததை மாமா சொல்ல, பாதியிலேயே "தள்ளு" என்றார். அப்பாவின் கையிலிருந்த வாளியைப் பிடுங்கி, கொமட்டின் தலையோடு ஊற்றினார். திருநீறும் குங்குமமும் கரைந்து ஓடின. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். நாங்கள் எல்லோரும் வெளியே வரிசையாக, கோயில் நடை திறக்கக் காத்திருப்பவர்கள் மாதிரி நின்றோம். கொஞ்ச நேரம் கழித்துத் தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது. சேலையைச் சரிசெய்துகொண்டே வெளியே வந்தார்.

"ஜம்முனு இருக்குடி! தொரைமாரு உள்ள போனா ஏன் வெளிய வர மாட்றாங்கன்னு இப்பத்தான் தெரியுது. போ, போயி உக்காரு. பாவம் வந்தா மொதல்ல எனக்கு வரட்டும்."

அம்மா போனார். திரும்பி வந்து பெரியம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார். அன்று மத்தியானம் அம்மா இரண்டாம் தடவையும் சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். மாமா சேர்த்துவைத்த மாப்பிள்ளையும் பெண்ணும் பல வருடம் சண்டையில்லாமல் குடித்தனம் நடத்தினார்கள்.

மறுநாளிலிருந்து பெரியம்மா விடியற்காலையில் குடையும் வாளியுமாகப் படியேறி மேல் லயத்துக்குப் போக ஆரம்பித்தார். தூறலிலும் போவார், பனியிலும் போவார். எங்கே என்று கேட்டால், "அங்க ஒருத்திகிட்ட ஒரு பேச்சு இருக்கு" என்பார். விடியுமுன்னே பேச்சுக்கு அலைகிற மனுஷி என்று நான் கேலி செய்வேன். அம்மா என்னை முறைப்பார். பெரியம்மா இறங்கி வரும் நேரத்துக்குச் சூடாக ஒரு பிளேன்டீ ஊற்றி வைத்திருப்பார்.

மேல் லயத்துக் கக்கூஸில் குந்துவதற்குத் தரையோடு பதித்த பழைய பீங்கான்தான் இருந்தது. அது எனக்கும் தெரிந்ததுதான். அதையும் அந்த வாளியையும் சேர்த்துப் பார்க்கத்தான் ஒன்பது வயதில் எனக்குத் தெரியவில்லை.