அரசன் எழுந்து போன பிறகு

லண்டனில் நான் சனிக்கிழமைதோறும் விளக்கம் சொல்லப் போகும் சிறிய அருங்காட்சியகத்தில், கோட்டு போட்ட பெரிய மனிதர்கள்கூடக் கூசாமல் தரையில் உட்கார்ந்து படம் பார்க்கிறார்கள். இத்தனை வருடமாகியும் எனக்கு அது பழகவில்லை. அவர்கள் அதிகம் விரும்புவது, பழைய சுவடியிலிருந்து பிரிந்த ஓர் ஓவியத்தை. விலா எலும்பு தெரியும் துறவி மான்தோலில் அமர்ந்திருக்கிறார். எதிரே அரசன் செருப்பைக் கழற்றிவிட்டு வெறும் மண்ணில் மண்டியிட்டிருக்கிறான். குடைக்காரன் குதிரையோடு தள்ளி நிற்கிறான். "எங்கள் நாட்டில் அதிகாரம் இப்படித்தான் பணிந்தது" என்பேன். கைதட்டுவார்கள்.

போன மாதம் கைதட்டல் அடங்கியதும் ஒருவர் தமிழில் பேசினார்.

"நல்லாச் சொன்னீகண்ணே. ராசா எந்திரிச்சுப் போன பெறகு சாமியாரு என்ன ஆனாருன்னுதான் சொல்லல."

முருகேசன். கமுதிப் பக்கம் எங்கள் மிளகாய்ப் புஞ்சையில் வேலை செய்த கருப்பனின் மகன். கருப்பன் எங்கள் கோயில் சாமியாடி. எழுபத்தைந்தாம் வருடம், மாசிக் களரித் திருவிழாவில் அருள் வந்து ஆடிய அவர் காலில் எங்கள் அய்யா நெடுஞ்சாண்கிடையாக விழுந்து திருநீறு வாங்கினார். மறுநாள் வேலைக்கு வந்த கருப்பன், ஆடிய அசதியில் எங்கள் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். கல்லூரி விடுமுறையில் வந்திருந்த நான் நாற்காலியில் இருந்தபடியே, "ஏலே கருப்பா, சாமி எறங்கிருச்சுல்ல? படிய விட்டு எந்திரி" என்றேன். அய்யா சிரித்தார். என் தகப்பன் வயதுள்ள கருப்பன் எழுந்து, துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வெயிலில் நின்றார். ஏறக்குறைய என் வயதுள்ள முருகேசன் பக்கத்திலேயே நின்றார்.

முருகேசன் தமிழில் என்ன சொன்னார் என்று, படம் பார்க்க வந்த ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி கேட்டார். "என் பேச்சு பிடித்திருக்கிறதாம்" என்றேன்.

முருகேசன் அதற்கும் சிரித்தார். "வீட்டுக்கு வாங்கண்ணே. புது வீடு, சோபா இன்னும் வரல. தரையிலதான் உக்காரணும்."

"வாரேன்" என்றேன். அன்று வாசற்படியில் கேட்காத மன்னிப்பை இந்தத் தடவை கேட்டுவிடுவது என்று முடிவு செய்தேன்.

அடுத்த ஞாயிறு ரயிலில் அதற்கான சொற்களைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். வாசல் மணியை அடித்ததும் முருகேசனின் மனைவி கதவைத் திறந்தார். என்னைத் தெரியாதவர், யார் வேண்டும் என்று ஆங்கிலத்தில் கேட்டார். அவர் தோளுக்கு மேலே, கூடத்துச் சுவரில் கருப்பனின் படம், மாலையோடு. கீழே எனக்காக விரித்த பாய்.

"மன்னிக்க வேண்டும், வீடு மாறி வந்துவிட்டேன்" என்றேன், நானும் ஆங்கிலத்தில்.

கதவு சாத்திய பிறகும் உள்ளே முருகேசன் குரலும் அவர் மனைவி குரலும் கேட்டன.

"யாருத்தா அது?"

"நம்ம ஊரு ஆளுன்னு நெனச்சேன். இல்ல போல."