கம்ப்யூட்டரை எழுப்பப் போன அணை அக்கா

மரவேலைப் பட்டறையில் அவளை எல்லோரும் ‘அணை அக்கா’ என்றுதான் கூப்பிடுவார்கள். வேலையில் சேர்ந்த முதல் வாரமே வந்து ஒட்டிக்கொண்ட பெயர். ரம்பம் ஓடாத நேரத்தில் தூசி உறிஞ்சும் மெஷின் சும்மா ஓடினால் “அதை அணை”, வெளியே வெயில் கொளுத்தும்போது உள்ளே விளக்கு எரிந்தால் “அதையும் அணை” என்று சொல்லிக்கொண்டே போவாள். கரண்டு பில்லுக்கு அவள் பயந்தவள் அல்ல. ஆளில்லாமல் ஒன்று ஓடிக்கொண்டிருந்தால், மூடாத குழாயிலிருந்து தண்ணீர் கொட்டுவதுபோல் அவளுக்கு மனசு அடித்துக்கொள்ளும். அவ்வளவுதான்.

அவள் கணவருக்கு ரொட்டிக் கடையில் வேலை. ஊர் விழிக்கும் முன்னே போய் மாவு பிசைந்து, ஊர் வேலைக்குக் கிளம்பும்போது வீடு திரும்பி, பகல் முழுக்கத் தூங்குகிறவர். “என் பொண்டாட்டி வீட்டுல எல்லாத்தையும் அணைப்பா, என்னைத் தவிர” என்று அடுப்படி ஆட்களிடம் சொல்லிச் சொல்லி அந்த ஜோக்கைத் தேய்த்தே விட்டார்.

பட்டறையில் அக்காவின் வேலை சமையலறை அலமாரிகளுக்குப் படம் வரைவது. பட்டறைக் கம்ப்யூட்டர் ஒரு கிழடு. ஒரு கதவைத் திருப்பிக் காட்டுவதற்குள் பார்க்கிறவருக்குக் கொட்டாவி வந்துவிடும். அதனால் வீட்டில் பெரிய கம்ப்யூட்டர் ஒன்றை வாங்கிப் போட்டு, மாலையில் அதில் வரைவாள். மறுநாள் வாடிக்கையாளர் வந்தால், வீட்டுக் கம்ப்யூட்டரின் திரையைப் பட்டறைத் திரையிலேயே வரவழைத்துக் காட்டுவாள். அதற்கு வீட்டுக் கம்ப்யூட்டர் பகலெல்லாம் விழித்திருக்க வேண்டும். மற்றவர்களை “அணை, அணை” என்று விரட்டுகிறவள் வீட்டிலேயே ஒரு பெரிய மெஷின் வெட்டியாக உறுமிக்கொண்டிருக்கிறது என்பது அவளுக்கு நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. வெளியே மூச்சு விடவில்லை.

ஆஸ்பத்திரியில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் நாத்தனார் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தபோதுதான் மனம் திறந்தாள்.

“இதுக்கா அண்ணி இவ்வளவு கவலை?” என்று சிரித்தாள் நாத்தனார். “கம்ப்யூட்டரைத் தூங்க வெச்சுட்டுப் போங்க. வேணும்கிறப்ப அங்கிருந்தே எழுப்பிக்கலாம்.”

“தூங்குறதுக்கு எப்படிக் காது கேக்கும்?”

“நெட்வொர்க் கார்டு மட்டும் ஒரு காதைத் திறந்து வெச்சிருக்கும். ஒவ்வொரு கார்டுக்கும் தனியா ஒரு முகவரி உண்டு. நீங்க போன்ல ஒரு தட்டு தட்டினா, வீட்டுல இருக்கிற ரூட்டர் அந்த முகவரியைப் பதினாறு தடவை திருப்பித் திருப்பிச் சொல்லும். ‘அட, நம்மளைத்தான் கூப்பிடுறாங்க’ன்னு கம்ப்யூட்டர் எழுந்துக்கும்.”

“உங்க அண்ணனுக்கு இப்படி ஒரு கார்டு மாட்ட முடியுமா?”

“அவனுக்குப் பதினாறு பத்தாது அண்ணி.”

கேபிளை இழுத்து மாட்டி, உள்ளே இருந்த அமைப்புகளை மாற்றி, ஒரு மணி நேரத்தில் நாத்தனார் எல்லாவற்றையும் சரிசெய்தாள். “அந்த ஒரு காதுக்கும் கரண்டு வேணுமா?” என்று அக்கா ஒருமுறை கேட்டாள். “துளியூண்டு” என்றதும் அரைமனதாகச் சம்மதித்தாள். கேபிள் படுக்கையறை வரைதான் எட்டியது. எனவே கம்ப்யூட்டரும் படுக்கையறை மூலைக்குக் குடிபோனது.

முதல் நாள் பட்டறையிலிருந்து தட்டினாள். ஒன்றும் எழவில்லை. நாத்தனாருக்குப் போன் போட்டாள்.

“அண்ணி, ரூட்டர்ல பச்சை விளக்கு எரிஞ்சுதா?”

“எப்படி எரியும்? கிளம்பும்போது அதை அணைச்சுட்டுத்தானே வந்தேன்.”

“எழுப்புற ஆளையே தூங்க வெச்சுட்டுப் போனா எப்படி அண்ணி?”

அன்று முதல் ரூட்டருக்கு மட்டும் விதிவிலக்கு கிடைத்தது.

இந்த ஏற்பாட்டைக் கணவரிடமும் சொல்லத்தான் செய்தாள். ஆனால் அவர் தூங்கப்போகும் நேரம் பார்த்துச் சொன்னாள். அவரும் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஒழுங்காக ‘உம்’ கொட்டினார்.

அடுத்த நாள் பட்டறைக்கு நீச்சல் டீச்சர் ஒருவர் வந்தார். புது வீட்டுச் சமையலறைக்குப் பச்சைக் கதவா, நீலக் கதவா என்று ஒரு மாதமாகக் குழம்பிக்கொண்டிருந்தவர். அக்கா பெருமையோடு போனைத் தட்டினாள். வீட்டில் கம்ப்யூட்டர் சமர்த்தாக எழுந்தது. எழுந்ததோடு நில்லாமல், முந்தின நாள் மாலை அவள் பாதியில் விட்டிருந்த, கீல் மாட்டுவது எப்படி என்ற வீடியோவையும் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது. ஒலிபெருக்கி முழுச் சத்தத்தில் இருந்தது.

அடித்துப் போட்டதுபோல் தூங்கிக்கொண்டிருந்த ரொட்டிக்காரரின் தலைமாட்டில் ஓர் ஆண்குரல் கணீரென்று சொன்னது: “பயப்படாதீங்க. முதல்ல கதவைக் கழட்டுங்க.”

அவர் கட்டிலின் மறுபக்கமாக விழுந்தார்.

“கழட்டியாச்சா? இப்போ மெதுவா துளை போடுங்க.”

திருடர்கள்! அதுவும் ஒருவன் இன்னொருவனுக்கு வேலை கற்றுக்கொடுக்கிறான்! அவர் சமையலறைக்கு ஓடி உருட்டுக்கட்டையை எடுத்துக்கொண்டார். கட்டிலுக்கு அடியில் பார்த்தார், அலமாரிக்குள் பார்த்தார், திரைச்சீலையை இரண்டு அடி அடித்தார். ஆளைக் காணோம். குரலும் திடீரென்று நின்றுவிட்டது. அங்கே பட்டறையில் அக்கா வீடியோவை மூடியிருந்தாள். அப்போதுதான் கம்ப்யூட்டர் திரை கண்ணில் பட்டது. அதன் அம்புக்குறி தானாக நடந்துபோய் ஒரு படத்தைத் திறந்துகொண்டிருந்தது.

திருடன் கம்ப்யூட்டருக்குள் இருக்கிறான் என்று அவருக்கு விளங்கியது. பாய்ந்து மௌஸைப் பிடித்தார்.

பட்டறையில் நீலக் கதவை நோக்கிப் போன அம்பு, கள் குடித்தது மாதிரி இடப்பக்கம் ஓடியது. அக்கா வலப்பக்கம் இழுத்தாள். அது இடப்பக்கம் இழுத்தது. “உங்க மௌஸுக்கு உடம்பு சரியில்லையா?” என்று நீச்சல் டீச்சர் கேட்டார். பக்கத்தில் நின்ற பட்டறை முதலாளி இருமினார். அதற்குள் திரையில் வெள்ளையாக ஒரு பக்கம் திறந்துகொள்ள, எழுத்துகள் ஒவ்வொன்றாக வந்து விழுந்தன.

“யார்டா நீ?”

டீச்சர் நாற்காலியைப் பின்னால் தள்ளினார். அக்காவுக்கு ஒரே நொடியில் எல்லாம் புரிந்துபோயிற்று. தட்டச்சு செய்தாள்: “நான்தாங்க.”

“நான்தான்னா யாரு?”

“உங்க பொண்டாட்டி.”

“அவ வேலைக்குப் போயிருக்கா. அவ பேரைச் சொல்லி ஏமாத்தாதே. என்ன சாட்சி?”

அக்கா ஒரு கணம் யோசித்தாள். கல்யாண நாளை அடிக்கலாம், ஆனால் அது அவருக்கே நினைவிருக்காது. பிறகு அடித்தாள்: “திருடனைத் தேடிப் போன ரூம்ல எல்லாம் லைட்டைப் போட்டிருப்பீங்க. முதல்ல போய் அதை அணைங்க.”

பக்கம் கொஞ்ச நேரம் வெறுமையாக இருந்தது. பிறகு எழுத்துகள் சாதுவாக வந்தன: “அணைச்சுட்டேன். நீதான்.”

டீச்சர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். முதலாளி சிரிப்பதா, மன்னிப்புக் கேட்பதா என்று தெரியாமல் இரண்டையும் கலந்து செய்தார். அக்காவுக்கு முகம் சிவந்து காதெல்லாம் சுட்டது. “மன்னிச்சுக்குங்க மேடம், அவர் தூக்கத்துல இருந்தாரு.”

“பரவால்லம்மா. எழுந்ததுதான் எழுந்துட்டாரு, அவரையே கேளேன். பச்சையா, நீலமா?”

அக்கா தயங்கித் தயங்கி இரண்டு படங்களையும் திறந்து காட்டிக் கேட்டாள். பதில் உடனே வந்தது: “பச்சை. நீலத்தைப் பார்த்தா பசிக்காது. சமையல்கட்டுல பசிக்கணும். நான் படுக்கலாமா?”

ஒரு மாதக் குழப்பம் அத்தோடு தீர்ந்தது. டீச்சர் பச்சைக்கே சரி சொன்னார்.

மாலையில் வீட்டில் சின்னதாக ஒரு பஞ்சாயத்து நடந்தது. “நேத்தே சொன்னேனே, நீங்களும் உம் கொட்டினீங்களே!” என்றாள் அக்கா. “தூக்கத்துல கொட்டின உம் எல்லாம் கணக்குல வராது” என்றார் அவர். ஒலிபெருக்கியைப் பிடுங்கி ஓரமாக வைப்பது என்று முடிவாயிற்று.

ஆனால் விஷயம் அங்கே நிற்கவில்லை. நீச்சல் டீச்சர் குளத்துக்கு வரும் எல்லோரிடமும் கதையைச் சொல்லியிருந்தார். அடுத்தடுத்து வந்த வாடிக்கையாளர்கள் படங்களைப் பார்த்துவிட்டு, “எல்லாம் நல்லாத்தான் இருக்கு. அந்தத் தூங்குற சார் என்ன சொல்றாரு?” என்று கேட்க ஆரம்பித்தார்கள். முதலாளியும் அக்காவின் மேஜைக்கு வந்து, “அவரைக் கொஞ்சம் எழுப்பும்மா” என்பார், ஏதோ அலமாரியிலிருந்து ஒரு பலகையை எடுத்துத் தரச் சொல்வதுபோல. ஒலிபெருக்கியைத் திரும்பவும் மாட்ட வேண்டியதாயிற்று.

ரொட்டிக்காரர் முதலில் முறைத்துக்கொண்டார். பிறகு யாரோ அவர் சொன்ன கைப்பிடியையே மாட்டி, ரொட்டிக் கடைக்கே தேடி வந்து நன்றி சொன்னதும் ஆள் மாறிவிட்டார். இப்போதெல்லாம் தலையணைக்கு அடியில் மூக்குக்கண்ணாடியை வைத்துக்கொண்டுதான் படுக்கிறார். ஆனால் பட்டறைக்கு ஒரு நிபந்தனை போட்டிருக்கிறார்: ஒரு நாளைக்கு ஒரு சமையலறைதான், அதுவும் கதவுகள் மட்டும், குழாய், தொட்டி பற்றிக் கேட்பதானால் அவர் தூங்கி எழும்வரை காத்திருக்க வேண்டும்.